பிடிக்காதவரை மெச்சுவது எப்படி?

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறவர்கள் இலக்கணத்தைவிட அதிகமாகத் தெரிந்துகொள்வது, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதைத்தான். கரும்பலகையில் ஏதாவது ஒரு வினைச்சொல்லை எழுதிவிட்டு, "இதை வைத்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள்" என்றால் போதும். மாமியார், மேலதிகாரி, பக்கத்து ஃப்ளாட்காரர் எல்லோரும் வரிசையாக வந்து நிற்பார்கள். நீங்களும் பத்துப் பேருக்கு முன்னால் சாக்பீஸ் பிடித்து நின்றவராக இருந்தால் நான் சொல்வது புரியும்.

நான் திருச்சியிலிருந்து கல்யாணமாகி டெல்லிக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. கரோல் பாகில் ஒரு சந்து, இரண்டாவது மாடி, மாலை ஆறரையிலிருந்து எட்டு வரை தமிழில் விளக்கி இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். வருகிறவர்கள் எல்லோரும் நம் பக்கத்து ஆட்கள். ஹிந்தியில் வெண்டைக்காய் வாங்குவார்கள், "பையா, ஜல்தி" என்று ஆட்டோக்காரரை விரட்டுவார்கள், இங்கிலீஷ் என்றால் மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்கள். போன குளிர்காலத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே ஒரு வினைச்சொல்லில் ஒரு மாதம் மாட்டிக்கொண்டோம். அது 'அட்மையர்'.

மாதக் கடைசி

மாரியப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. சாத்தூர்ப் பக்கம். லோதி ரோடில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். ஜனவரி முதல் வாரத்தில் வந்து, மஃப்ளரைக்கூட அவிழ்க்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு மூணு நிமிஷ இங்கிலீஷ் போதும் மேடம்" என்றார். ரொட்டி கேட்பதுபோல் அளவு சொல்லி இங்கிலீஷ் கேட்டவர் அவர்தான்.

விஷயம் இதுதான். அவருடைய மேலதிகாரி அரோரா முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு பெறுகிறார். மத்திய அரசு அலுவலகங்களில் மாதக் கடைசி என்றாலே சமோசா, சால்வை, பூங்கொத்து, பேச்சுதான். பிரிவில் மூத்தவர் மாரியப்பன் என்பதால் முதலில் அவர் பேசியாக வேண்டும். ஹிந்தியில் பேசினால் பிரிவே விழுந்து விழுந்து சிரிக்கும் என்று இங்கிலீஷுக்கு வந்திருந்தார். ஆனால் இங்கிலீஷ் மட்டும் அவருடைய பிரச்சினை இல்லை. பதினோரு வருஷமாக அரோரா அவருடைய ஒவ்வொரு ட்ராஃப்டையும் பென்சிலால் கிழித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒரே கடிதம் பதினான்கு தடவை திரும்பி வந்ததுண்டு. அதுகூடப் போகட்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், இவர்தான் தாய்மாமன். பாராளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கிறது என்று அரோரா லீவு தரவில்லை. குழந்தைக்கு யாரோ ஒன்றுவிட்ட மாமன் மடியில் காது குத்தினார்கள். அக்கா இரண்டு வருஷம் இவரோடு பேசவில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "பொய் சொன்னா ஆபீசே சிரிக்கும் மேடம். உண்மையைச் சொன்னா அவரு பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி அசிங்கமாப் போயிரும். ரெண்டும் இல்லாம ஏதாச்சும் இங்கிலீஷ் இருக்கா?"

சால்வை மாதிரி

பிரிவு உபசாரத்துக்கு 'அட்மையர்' நல்ல சொல் என்று எழுதிப் போட்டேன். மறுநாளே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். இங்கிலீஷில் இருந்ததை உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்: 'திரு அரோரா அவர்களைக் கீழே கையொப்பமிட்டவர் அவருடைய நேர்மை, காலந்தவறாமை, கடின உழைப்பு, உதவும் குணம், தங்கமான மனசு ஆகியவற்றின் பொருட்டு அட்மையர் செய்கிறார் என்பது தங்கள் மேலான பார்வைக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கப்படுகிறது.'

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகம் விளையாட்டாக இல்லை. இந்த ஐந்து குணங்களையும் எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். அவருடைய அலுவலகத்தில் இதற்கு ஒரு பழைய தாள் இருக்கிறதாம், யார் ஓய்வு பெற்றாலும் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார்களாம். போன வருஷம் ஓய்வு பெற்ற டிரைவருக்கும் இதே ஐந்து, அதற்கு முந்தைய மாதம் போன டைரக்டருக்கும் இதே ஐந்து. "சரி, அரோராவுக்கு உதவும் குணம் உண்டா?" என்றேன். அவர் சங்கடமாக ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது எல்லாருக்கும் போடுறதுதான மேடம், சால்வை மாதிரி."

மடிக்கிறவர்

தேன்மொழியின் கணவர் துணை ராணுவத்தில் இருக்கிறார். தர்மபுரிப் பெண். மகன் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகளோடு பேச வேண்டும் என்று இங்கிலீஷ் கற்க வந்தவள். வகுப்புக்கு அரைமணி நேரம் முன்னாலேயே வந்து ஜன்னலோரம் நின்றுவிடுவாள். எதிரே ஒரு கல்யாண லெஹங்கா கடை. அங்கே பாவாடைகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஒருவர் இருக்கிறார். கல்லும் ஜரிகையுமாக ஏழெட்டுக் கிலோ கனம், விரித்தால் ஒரு அறையையே அடைக்கும். அதை அவர் வெள்ளைத் துணி மேல் போட்டு, மடிப்புக்கு மடிப்பு மெல்லிய காகிதம் வைத்து, ஒரு கல் இன்னொரு கல்லை உரசாமல் சுருட்டிச் சின்னப் பெட்டிக்குள் உட்கார வைப்பார். ஒருநாள் தேன்மொழி கீழே போய்ப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். வாங்குகிறாயா இல்லையா, இல்லையென்றால் வெளிச்சத்தை மறைக்காதே என்று ஹிந்தியில் கத்தி விரட்டிவிட்டாராம்.

அன்றைக்கு வகுப்பில் கையைத் தூக்கினாள். "மேடம், அந்த ஆளை எனக்குப் புடிக்கவே புடிக்காதுங்க. மூஞ்சியப் பாத்தாவே எரிச்சலா வருது. ஆனா அவரு மடிக்கறப்ப கண்ண எடுக்க முடியல. இதுக்கு 'லைக்'னு போடணுமா, 'அட்மையர்'னு போடணுமா?"

ஒன்பது வருஷமாக நான், 'லைக்' கொஞ்சம் முற்றினால் 'அட்மையர்' என்றுதான் சொல்லிக்கொடுத்து வந்தேன். காய் முற்றிப் பழமாகிற கணக்கில். அவள் கேட்டதும் என் சாக்பீஸ் அப்படியே நின்றுவிட்டது. யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மரத்தில் காய்க்கவே இல்லை. பிடிப்பது மனசின் வேலை. மரியாதையை நாற்காலிக்காகக்கூடக் கொடுத்துவிடலாம். ஆனால் இந்தச் சொல்லுக்கு முதலில் கண் வேண்டும், நின்று பார்க்க வேண்டும், பார்த்ததை மறுக்க முடியாமல் போக வேண்டும். இதைத் தட்டுத்தடுமாறி நான் சொல்லி முடித்தபோது கடைசி பெஞ்சிலிருந்து மாரியப்பன் எழுந்தே நின்றுவிட்டார். "அப்ப புடிக்காத ஆளையும் பண்ணலாமா? இதை மொத நாளே சொல்லியிருக்கக் கூடாதா மேடம்!"

வீட்டுப் பாடம்

ஒரு சொல் நாக்கில் படிய வேண்டுமானால் அதைப் புழங்க வேண்டும். வீட்டில் ஒருவரிடம் ஒரே ஒரு 'அட்மையர்' வாக்கியம் சொல்லிவிட்டு வந்து, என்ன நடந்தது என்று வகுப்பில் சொல்ல வேண்டும் என்றேன். பாவி, நம் வீடுகளை மறந்துவிட்டேன். நம்மில் யார் யாரை முகத்துக்கு நேரே மெச்சுகிறோம்? பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது என்று சொன்னாலே கண் பட்டுவிடும் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறவர்கள் நாம். சமையல் நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி கேட்போம், அதுதான் பாராட்டு.

தேன்மொழி தன் கணவரிடம், அவர் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுகிற நேர்த்தியை அட்மையர் பண்ணுவதாகச் சொன்னாளாம். அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, "என்ன, ஊருக்குப் போகணுமா?" என்றாராம். அடுத்தவள் ராஜகுமாரி, நாகர்கோவில் பக்கம், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் துணிந்து மாமியாரிடமே போய்விட்டாள். மீன்குழம்பைப் பற்றி ஒரு வாக்கியம், முதலில் இங்கிலீஷில், பிறகு தமிழில். சாயங்காலம் மகன் வந்ததும் கிழவி அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னது மட்டும் வெளியே கேட்டதாம்: "லேய், உன் பொண்டாட்டி என்னைய மூத்தவன் வீட்டுக்கு அனுப்பப் பிளான் போடுகா."

என் வீட்டிலும்

மற்றவர்களுக்குக் கொடுத்த மருந்தை நானும் குடித்துப் பார்க்க வேண்டாமா? முதலில் தமிழிலேயே சொல்லிவிடலாம் என்று சொல் தேடினேன். 'போற்றுகிறேன்' என்றால் கையில் கற்பூரத் தட்டு இருக்க வேண்டும். 'பாராட்டுகிறேன்' என்றால் மேடை வேண்டும். 'வியக்கிறேன்' புத்தகத்தைவிட்டு வெளியே வருவதில்லை. 'மெச்சிக்க வேண்டியதுதான்' என்று வீட்டில் யாராவது சொன்னால் அது மெச்சுவதே இல்லை, யாருக்கோ மண்டகப்படி நடக்கிறது என்று அர்த்தம். இவ்வளவு சொற்கள் இருந்தும், ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டின புருஷனிடம் சொல்ல ஒன்றுகூட அகப்படவில்லை.

கடைசியில் இங்கிலீஷிலேயே சொன்னேன். என் கணவர் இஸ்திரி போடுவதில் கெட்டிக்காரர். சட்டைக் காலரின் முனையை அவர் திருப்பிப் பிடிக்கிற விதத்தை நான் இருபத்தெட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். காது மடல் லேசாகச் சிவந்ததாக எனக்குத் தோன்றியது. பிறகு இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் கொஞ்சம் குறைத்துவிட்டுச் சொன்னார்: "சரி சரி, அந்த ரெண்டு காட்டன் புடவையையும் கொண்டா."

நாலாம் பக்கம்

மாரியப்பனுக்குத் தனி வீட்டுப் பாடம். தேன்மொழி லெஹங்கா கடையைப் பார்ப்பது போல் அவர் அரோராவை ஒரு வாரம் பார்க்க வேண்டும், பார்த்ததைக் குறித்து வர வேண்டும். முதல் நாள் குறிப்பு: பென்சில் சீவும்போது தூள் விழாமல் கீழே பழைய பேப்பர் விரிக்கிறார். இரண்டாம் நாள்: வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் டீ, யாருக்கும் தருவதில்லை. மூன்றாம் நாள்: என் ட்ராஃப்டைத் திருப்பினார், மூன்று தடவை. "இதுல எங்க மேடம் அட்மையர்?" என்று நோட்டை மேஜையில் போட்டார். இன்னும் இரண்டு நாள் பாருங்கள் என்றேன்.

ஐந்தாம் நாள் வேறு மாதிரி வந்தார். பீகாரிலிருந்து ஒரு முதியவர் மாதா மாதம் அந்த அலுவலகத்துக்குக் கடிதம் போடுவாராம். ஏதோ பழைய மனு, முடிந்துபோன விஷயம். ஒவ்வொரு தடவையும் நாலு பக்கம், எறும்பு ஊர்வதுபோலக் கையெழுத்து, மாறாத அதே சங்கதி. பிரிவில் அதைப் பிரிக்காமலே 'பெரியவர் வந்துட்டார்' என்று சொல்லிச் சிரித்துவிட்டு மேலே அனுப்புவார்களாம். அன்றைக்கு மாரியப்பன் ஒரு ஃபைலோடு உள்ளே போனபோது அரோரா அந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரிக்கும் பென்சில் முனை நகர்ந்ததாம். கால் மணி நேரம் இவரை நிற்க வைத்துவிட்டு நாலு பக்கத்தையும் முடித்தார். பிறகு பதில் எழுதச் சொன்னார். அப்போதுதான் இவருக்கு உறைத்தது: பதினோரு வருஷமாக அந்தப் பதில்களை டைப் அடிக்கக் கொடுத்தது இவர்தான், திட்டிக்கொண்டே. "சார், எல்லாம் அதேதானே, எதற்குக் கடைசி வரை படிக்கிறீர்கள்?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டார். அரோரா கண்ணாடியைக் கழற்றாமலே ஹிந்தியில் சொன்னது இவருக்குப் புரிந்தது, எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "இந்தத் தடவை நாலாம் பக்கத்தில் வேறு எதையாவது கேட்டிருந்தால்?"

சொல்லிவிட்டு மாரியப்பன் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு முனகினார்: "இதுக்காக நான் மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனைச்சுராதீங்க மேடம்."

திரும்பி வந்த பேச்சு

பேச்சைத் திரும்ப எழுதினார். நாலாம் பக்கத்தைப் பற்றி ஒரு வரி சேர்ந்தது. ஆனால் அந்த ஐந்து குணங்களை விட மனசு வரவில்லை. டைரக்டருக்கும் டிரைவருக்கும் போட்டதை இவருக்குப் போடாவிட்டால் வேண்டுமென்றே விட்டதாக ஆகிவிடுமாம். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இருபத்தொன்பதாம் தேதி வகுப்புக்கு வந்தவரின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. விஷயம் என்னவென்றால், எல்லாம் கம்ப்யூட்டரில் நடக்கிற இந்தக் காலத்திலும் அரோராவுக்கு ட்ராஃப்டைக் காகிதத்தில் எடுத்துக் கொடுக்க வேண்டும். அன்று காலையில் இரண்டு கடிதங்களை பிரிண்ட் எடுத்தபோது, கூடவே தன் பேச்சையும் பிரிண்ட் எடுத்திருக்கிறார் மாரியப்பன். மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, பதினோரு வருஷப் பழக்கத்தில் கை தானாகப் போய் அரோரா மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டது. யாரைப் பற்றிய பிரிவுரையோ அவரிடமே ஒப்புதலுக்குப் போய்விட்டது! நினைவு வந்து இவர் திரும்ப ஓடியபோது அரோரா மூன்றாவது தாளைத்தான் கையில் வைத்திருந்தாராம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அரைமணி நேரம் கழித்து வா" என்றாராம்.

அந்தத் தாளை எங்கள் முன்னால் விரித்து வைத்தார். பக்கம் முழுக்கப் பென்சில். 'காலந்தவறாமை'யை அடித்து ஓரத்தில்: 'வருகைப் பதிவைப் பார்க்கவும்.' 'உதவும் குணம்' பக்கத்தில்: 'ஆதாரம்?' 'தங்கமான மனசு' மேல் ஒரே கோடு: 'நீக்கலாம்.' 'மேலான பார்வைக்கு' என்பதைக்கூட விடவில்லை. ஒரே ஒரு வாக்கியம் மட்டும் அப்படியே இருந்தது: 'எந்தக் கடிதத்தையும் பாதியில் வைத்துவிடாமல் கடைசி வரி வரை நீங்கள் படிப்பதை நான் அட்மையர் செய்கிறேன்.' அதற்குக் கீழே 'அனுப்பலாம்' என்று எழுதிச் சின்னக் கையெழுத்து, தேதியோடு. தேன்மொழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாரியப்பன் சிரிக்கவில்லை. அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு சொன்னார்: "பதினோரு வருஷத்துல பென்சில் படாமத் திரும்பி வந்த மொத வரி மேடம் இது."

மாரியப்பன் பேசினார்

விழா முடிந்து அடுத்த வகுப்புக்கு லட்டு டப்பாவோடு வந்தார். யாரும் டப்பாவைத் தொடவில்லை. பேசினாரா இல்லையா என்பதுதான் எங்களுக்கு வேண்டும். நான் சாக்பீஸையே எடுக்கவில்லை.

கான்பரன்ஸ் அறை நிறைய ஆட்கள். அரோராவின் மனைவி, இரண்டு பெண்கள், ஒரு மாப்பிள்ளை முன்வரிசையில். மேலே உள்ள பெரிய அதிகாரியும் வந்திருந்தார். மாரியப்பன் எழுந்தார். கையில் அந்த ஒற்றை வரி, அங்கீகரிக்கப்பட்டது, தைரியமாகப் படித்துவிட்டு உட்கார வேண்டியதுதான். ஆனால் அரோராவின் முகத்தைப் பார்த்ததும், படித்தால் அது பாதி உண்மை என்று தோன்றியதாம். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஒவ்வொரு வார்த்தையாக: "சார், ஆறு வருஷத்துக்கு முன்னால் என் அக்கா மகனின் காதுகுத்துக்கு நீங்கள் லீவு தரவில்லை. நான் இன்னும் கோபமாக இருக்கிறேன். எனக்கு உங்களைப் பிடிக்காது." சமோசா கடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டதாம். "ஆனால் பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். நீங்கள் ஒவ்வொரு கடிதத்தையும் கடைசி வரி வரை படிக்கிறீர்கள். அதை நான் அட்மையர் செய்கிறேன்."

"ஐயோ, அப்புறம்?" என்றாள் தேன்மொழி. ராஜகுமாரி தன் கையால் மாரியப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவள் அதை உணரவே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. ஒன்பது வருஷத்தில் என் வகுப்பில் படித்த யாரும் பேசாத இங்கிலீஷ் அது, அதில் இருந்த எதையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லோரும் முன்வரிசையையே பார்த்தார்களாம். அரோரா எழுந்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு, மைக் பக்கம்கூடப் போகாமல் நின்ற இடத்திலிருந்தே சொன்னாராம்: "மாரியப்பன், அந்த முதல் வரிகளையும் ட்ராஃப்டிலேயே எழுதியிருக்கலாமே, நான் அடித்திருக்க மாட்டேன்."

அந்தச் சொல்லை இந்த ஜனவரியிலும் நடத்துகிறேன், ஆனால் யாராவது எழுந்து 'அட்மையர்' என்றால் தமிழில் என்ன என்று கேட்டால், ஒரு மாதம் ஆகும், பரவாயில்லையா என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.